அலுமினிய லேபிளில் டெக்ஸ்சர்: தகடு தேர்வு முதல் ஒட்டி முடிக்கும் வரை

பிரஷ் செய்த அலுமினிய லேபிள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். அதன் மெல்லிய கோடுகள் படுக்கைவாட்டில் இருக்கட்டும். முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். பரப்பு முழுவதும் வெள்ளியாக ஒளிரும். இப்போது நின்ற இடத்திலேயே லேபிளை மட்டும் கால் சுற்று திருப்புங்கள். கோடுகள் நிமிர்ந்துவிடும், பரப்பு மங்கிச் சாம்பலாகிவிடும். உலோகம் அதேதான், வெளிச்சமும் அதேதான். கோடுகள் ஓடும் திசை மட்டும் மாறியிருக்கிறது.

டெக்ஸ்சர் என்றால் அலுமினியத்தின் மேல் விழும் ஒளியை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வது. வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒளிதான். அதனால்தான் கணினித் திரையில் பார்த்து டெக்ஸ்சரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். திரையில் தெரிவது அசையாத சாம்பல் நிறம் மட்டுமே. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சாம்பிள் வேண்டும், அதைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். லாக்கர் என்னும் பாதுகாப்புப் பூச்சைப் பூசினாலும், மை ஏற்றினாலும், புடைப்பு (எம்பாசிங்) அடித்தாலும் ஒளி போகும் வழி மாறிக்கொண்டே இருக்கும்.

படி 1: எந்த அலுமினியம் என்று முதலில் தெளிவாகுங்கள்

"அலுமினிய லேபிள்" என்று மூன்று வேறு வேறு பொருள்களைச் சொல்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும் இடத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகை தகடு. பெரும்பாலும் 0.3 முதல் 1 மி.மீ. வரை தடிமன் இருக்கும். இயந்திரங்களின் நேம் பிளேட், ஒலிபெருக்கி, மரச்சாமான், பரிசுப் பெட்டி ஆகியவற்றின் மேல் பதிக்கும் சின்னங்கள் இதில் வரும். எந்த டெக்ஸ்சரையும் இதில் நிஜமாகவே உலோகத்துக்குள் செய்யலாம்.

இரண்டாவது ஃபாயில். 50 முதல் 100 மைக்ரான் அளவில், பின்னால் பசையும், அதை மூடி உரித்தெடுக்கும் தாளான லைனரும் சேர்ந்து ரோலாக வரும். பாட்டில், ஜாடி, டப்பா போன்றவற்றுக்கு ஏற்றது. இதில் புடைப்பு வடிவங்கள் அழகாக விழும், ஆனால் ஆழமாகத் தேய்க்கவோ அரிக்கவோ இடமில்லை.

மூன்றாவது, உலோகப் பூச்சு ஏற்றிய பிலிமும் காகிதமும். வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிச் சில பத்து நானோமீட்டர் தடிமனில் படியவைப்பார்கள். அட்டைப்பெட்டியில் ஹாட் ஸ்டாம்பிங் (சூடான அச்சால் அழுத்துவது) செய்யும்போது ஒட்டுவதும் இதே போன்ற மெல்லிய படலம்தான். பார்வைக்கு உலோகம், தொட்டால் பிளாஸ்டிக் அல்லது காகிதம். இதில் டெக்ஸ்சர் என்பது அடியில் உள்ள பிலிமிலோ அட்டையிலோ அழுத்திய வடிவம். ஹோலோகிராம் பிலிமில் தெரியும் வானவில்லும் இப்படித்தான் வருகிறது. ஏறக்குறைய ஒரு மைக்ரான் இடைவெளியில் பதித்த நுண்ணிய வரிகள் ஒளியை நிறங்களாகப் பிரிக்கின்றன.

மூன்றில் எது வேண்டும் என்பதற்கு என் எளிய கேள்வி இது: வாங்குபவர் அந்த லேபிளை விரலால் தடவிப் பார்ப்பாரா? தடவுவார் என்றால் தகடோ ஃபாயிலோ எடுங்கள். தொடும்போது ஏற்படும் குளிர்ச்சியை எந்தப் பூச்சும் தர முடியாது. அலமாரியில் தூரத்திலிருந்து மின்னினால் போதும் என்றால் பூச்சுப் பிலிம் தாராளம். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். பிளாஸ்டிக்கின் மேல் பூசிய அலுமினியத்தைத் தனியாகப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். தகட்டை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே அதற்குப் போதும்.

படி 2: கலவையும் கடினத்தன்மையும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1050, 1100 இரண்டும் ஏறக்குறைய தூய அலுமினியம், மென்மையானவை, புடைப்பு அடிக்க நல்லவை. 3003 கலவையில் கொஞ்சம் மாங்கனீஸ் இருப்பதால் சற்றே உறுதி. 5005 கலவையில் மெக்னீசியம் உண்டு, ஆனோடைசிங் (மின்சாரத்தால் மேற்பரப்பை ஆக்சைடாக மாற்றுவது, படி 5ல் வரும்) செய்தால் நிறம் சீராக வரும். ஃபாயிலில் 8011 அதிகம் புழங்குகிறது.

எண்ணுக்குப் பின்னால் வரும் குறியைப் பலர் கவனிப்பதில்லை. ஓ என்றால் சூடாக்கி முழுக்க மென்மையாக்கியது. எச்14 பாதிக் கடினம், எச்18 முழுக் கடினம். உருண்டையான பாட்டிலைச் சுற்றி ஒட்ட வேண்டிய லேபிளுக்கு எச்18 எடுத்தால், ஓரம் நிமிர்ந்து எழுந்து பசையோடு தினமும் மல்லுக்கட்டும். அங்கே ஓ குறியுள்ள மென்மையான ஃபாயில்தான் படியும். தட்டையாக நிற்க வேண்டிய நேம் பிளேட்டுக்கு எச்14 நன்றாகப் பொருந்தும்.

ஃபாயிலின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறு பக்கம் மங்கலாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது யாரும் வேண்டுமென்று செய்த டெக்ஸ்சர் அல்ல. மிக மெல்லிய ஃபாயிலைக் கடைசிச் சுற்றில் இரண்டிரண்டாகச் சேர்த்து உருளைக்குள் விடுவார்கள். உருளை பட்ட பக்கம் பளபளப்பாகும், ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கலாகும். மென்மையான மேட் (பளபளப்பில்லாத பரப்பு) மட்டும் போதும் என்ற வேலைக்கு அந்த மங்கல் பக்கத்தையே முகமாக வைத்து ஒரு சாம்பிள் பாருங்கள். தனிச் செலவில்லாமல் கிடைக்கும் அழகு அது.

படி 3: டெக்ஸ்சரைத் தேர்ந்தெடுப்பது

பிரஷ்டு அல்லது ஹேர்லைன் என்பது எமரி பெல்ட்டாலோ நார் போன்ற தேய்ப்புப் பட்டையாலோ ஒரே திசையில் இழுத்த மெல்லிய கோடுகள். 180 எண் எமரி நடுத்தரமான கோடு தரும். 120 முரடாக இருக்கும், 320 பட்டுப் போல இருக்கும். இடைவிடாமல் நீளமாக ஓடும் கோடு பெரிய தகட்டுக்கு அழகு. சின்ன லேபிளில் குறுங்கோடுகள் நன்றாகத் தெரியும். லேபிள் உலகில் அதிகம் கேட்கப்படுவது இந்த வகைதான். அதிகம் தவறுவதும் இதில்தான்.

அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் முகப்பில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய இரண்டு லேபிள்கள். டிராயிங்கில் அளவு, நிறம், எழுத்து எல்லாம் கொடுத்தேன். கோடு ஓடும் திசையை மட்டும் குறிக்கவில்லை. தகடு வீணாகாமல் இருக்க, வெட்டும் இடத்தில் ஒன்றை நீளவாக்கிலும் மற்றொன்றைக் குறுக்காகவும் அடுக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு அப்படித்தான் சிக்கனம். பெட்டியில் ஒட்டி விளக்கைப் போட்டதும் ஒன்று வெள்ளி, மற்றொன்று ஈயம். ஒரே சுருளிலிருந்து வந்தவை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. மொத்தத்தையும் திரும்பச் செய்தோம். அன்றிலிருந்து என் ஒவ்வொரு டிராயிங்கிலும் முதலில் வரைவது ஓர் அம்புக்குறி, பக்கத்தில் "கோடு இந்தத் திசையில்" என்ற வரி.

சுழல் ஃபினிஷில் கோடுகள் ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக ஓடும். ஒளி இரண்டு விசிறிகளாக விரியும், தகட்டைத் திருப்பினால் விசிறிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். வட்டமான மூடிக்கும் குமிழுக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. சதுர லேபிளின் நடுவில் செய்தால் மூலைகள் வெறிச்சோடித் தெரியும்.

வட்ட வட்டமாக ஒன்றன் மேல் ஒன்று ஏறி, மீன் செதில் போலத் தெரியும் வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். சுழலும் தேய்ப்புக் கம்பியைத் தகட்டில் தொட்டு எடுத்து, கொஞ்சம் நகர்த்தி மறுபடி தொடுவது. 1927ல் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் அலுமினிய மூக்குப் பகுதியில் இந்த வேலைப்பாடு இருந்தது. இன்றும் கைக்கடிகாரங்களின் உள்பாகங்களில் செய்கிறார்கள். இதன் மேல் எழுத்து அடிக்காதீர்கள். வடிவமே பேசிக்கொண்டிருக்கும்போது எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள். ஓரமாக ஒரு பட்டை, நடுவில் வெறும் மேட், அதில் எழுத்து என்று பிரித்தால் இரண்டும் பிழைக்கும்.

பிளாஸ்டிங் என்றால் மணியையோ துகளையோ காற்றழுத்தத்தில் பீச்சி அடிப்பது. கண்ணாடி மணி வட்டமான சிறு குழிகளை உண்டாக்கும், மென்மையான பனி போன்ற மேட் கிடைக்கும். கூர்மையான அலுமினா துகள் முரட்டு மேட் தரும். இரும்புத் துகளை மட்டும் அலுமினியத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. உள்ளே குத்தி நிற்கும் துணுக்கு பின்னால் துரு பிடித்துப் புள்ளி புள்ளியாக வெளியே வரும். இன்னொரு சங்கடம்: ஒரு பக்கம் மட்டும் பீச்சினால் அந்தப் பக்கத்துப் பரப்பு விரிந்து, தகடு அந்தப் பக்கமாகப் புடைத்து வளையும். மெல்லிய தகட்டில் இது கண்ணுக்கே தெரியும், பசை பிடிக்காது. பிளாஸ்டிங் வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள்.

அரிப்பு மேட் எனக்கு மிகவும் பிடித்தது. காஸ்டிக் சோடாக் கரைசலில், லிட்டருக்கு சுமார் 50 கிராம் அளவில், 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் முக்குவது. மேற்பரப்பு மெல்லக் கரைந்து எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான பட்டு மேட் வரும். எடுத்தவுடன் கருப்பாகப் படிந்திருக்கும். அது கலவையில் இருந்த கரையாத இரும்பு, சிலிக்கான் போன்றவை. நைட்ரிக் அமிலத்தில் முக்கினால் போய்விடும். சின்ன எழுத்து நிறைய இருக்கும் லேபிளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான், ஏனென்றால் இதற்குத் திசையே இல்லை, எந்தக் கோணத்திலும் எழுத்து படிக்கும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கரைசலும் சூடேறும். காற்றோட்டமும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாத இடத்தில் இதைத் தொட வேண்டாம்.

பாதுகாப்பு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்தைத் தேய்க்கும்போது வரும் நுண்தூசி வெடிக்கக்கூடியது. எஃகு தேய்க்கும் இயந்திரத்தின் தூசிக் குழாயோடு அதை இணைத்தால், எஃகிலிருந்து வரும் பொறி போதும். ஈரமாகத் தேய்ப்பதும், தூசியைத் தனியாகச் சேர்ப்பதும் கட்டாயம்.

உருளைப் புடைப்பில் வடிவம் வெட்டிய எஃகு உருளைகளுக்கு நடுவே ஃபாயிலையோ தகட்டையோ விட்டு எடுப்பார்கள். தோல், துணி நெசவு, சுத்தியலால் தட்டியது போன்ற பள்ளம், வைரக்கட்டம் என்று எத்தனையோ வடிவங்கள் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது வடிவத்தின் அளவு. லேபிளின் குறுகிய பக்கத்தில் வடிவம் குறைந்தது 8 முறையாவது திரும்ப வர வேண்டும் என்பது என் கணக்கு. 20 மி.மீ. அகலமுள்ள லேபிளில் 6 மி.மீ. தோல் வடிவத்தைப் போட்டால் அது தோலாகத் தெரியாது, கசங்கியதாகத்தான் தெரியும்.

படி 4: எழுத்தையும் பார்கோடையும் டெக்ஸ்சரோடு பொருத்துங்கள்

ஆர்ட்வொர்க் செய்பவர்கள் டெக்ஸ்சரைப் பின்னணிப் படமாக நினைக்கிறார்கள். அது பின்னணி அல்ல, எழுத்தோடு சண்டை போடக்கூடிய இன்னொரு வடிவம். நுண்ணிய எழுத்தின் கோட்டு அகலம் பிரஷ் கோட்டின் அகலத்துக்கு நெருங்கிவிட்டால் எழுத்தின் ஓரம் பிசிறடித்தது போலத் தோன்றும். தமிழ் எழுத்தில் இன்னும் கவனம் தேவை. ண, ஞ, ஷ போன்றவற்றின் சுழிகள் மை பரவியோ புடைப்பில் நசுங்கியோ மூடிக்கொள்ளும். ஓர் அச்சுத் தாளில் அதே அளவில் அடித்துப் பார்த்தால் தெளிவாக இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். டெக்ஸ்சர் செய்த உலோகத்தின் மேலேயே அடித்துப் பார்க்க வேண்டும்.

பார்கோடு தனிக் கதை. ஸ்கேனர் கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடுகிறது. வெறும் அலுமினியமோ ஸ்கேனர் அனுப்பிய ஒளியை ஒரு கோணத்தில் அப்படியே திருப்பி அடிக்கும், இன்னொரு கோணத்தில் இருட்டாகக் காட்டும். அதனால் பார்கோடுக்கு அடியில் ஒளி ஊடுருவாத வெள்ளை மையால் ஒரு கட்டம் போட்டு, அதன் மேல் கருப்புக் கோடுகளை அடியுங்கள். அந்த வெள்ளைக் கட்டம் கோடுகளோடு முடிந்துவிடக் கூடாது. கடைப் பொருள்களில் இருக்கும் 13 இலக்க பார்கோடான இஏஎன் குறியீட்டுக்கு இடப்பக்கம் மிக மெல்லிய கோட்டின் 11 மடங்கும் வலப்பக்கம் 7 மடங்கும் வெற்றிடம் தேவை. வழக்கமான 0.33 மி.மீ. கோடு என்றால் இடத்தில் 3.63, வலத்தில் 2.31 மி.மீ. பார்கோடு இருக்கும் இடத்தில் புடைப்பு வேண்டவே வேண்டாம், அந்தப் பகுதியைத் தட்டையாக விடுங்கள்.

லேபிளுக்கு அடியில் என்எஃப்சி சிப் (போனை அருகில் கொண்டுபோனால் படிக்கும் சிப்) வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். உலோகம் அதன் அலையைத் தடுத்துவிடும். உலோகத்தின் மேல் வைப்பதானால் இடையில் ஃபெரைட் என்னும் காந்தப் பொருளின் படலம் தேவை. உலோகத்துக்கு அடியில் வைத்தால் மேலிருந்து படிக்காது.

படி 5: வேலைகளின் வரிசை

டெக்ஸ்சர் முதலில், ஆனோடைசிங் பிறகு. இந்த ஒரு வரிசையைத் தலைகீழாக்கினால் மொத்த வேலையும் போய்விடும். ஏன் என்று புரிந்துகொண்டால் மறக்காது.

ஆனோடைசிங்கில் அலுமினியத்தைச் சுமார் 15 முதல் 20 சதவீதக் கந்தக அமிலத்தில், 20 டிகிரி செல்சியஸ் சுற்றி, 12 முதல் 18 வோல்ட் மின்சாரத்தில் வைப்பார்கள். மேற்பரப்பே ஆக்சைடாக மாறும். ஏறக்குறைய பாதி உலோகத்துக்கு உள்ளே இறங்கும், மீதி மேலே வளரும். இது தேன்கூடு போல நுண்துளைகள் நிறைந்த படலம். சாயத்தில் முக்கினால் துளைக்குள் நிறம் இறங்கும். பின்பு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடான நீரில் வைத்தால் துளைகள் மூடிக்கொள்ளும். உள்ளே புழங்கும் லேபிளுக்கு 5 முதல் 10 மைக்ரான் போதும். வெயில் மழையில் நிற்க வேண்டுமென்றால் 15 முதல் 25 வரை கேளுங்கள்.

இந்தப் படலம் பீங்கான் போன்றது. கடினம், ஆனால் வளையாது. ஆனோடைஸ் செய்த தகட்டில் ஆழமாகப் புடைப்பு அடித்தால் மடிப்பு ஓரங்களில் சிலந்தி வலை போன்ற விரிசல் விழும். சாய்த்துப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் படும். சூட்டிலும் இதே கதைதான். அலுமினியம் விரிவதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சைடு விரியும், அதனால் கொதிக்கும் பொருளின் மேல் ஒட்டும் லேபிளுக்குத் தடித்த ஆனோடைசிங் வேண்டாம்.

ஆக, தகட்டுக்கு நான் பின்பற்றும் வரிசை: டெக்ஸ்சர், கழுவல், ஆனோடைசிங், சாயம், அச்சு, துளை மூடுதல், கடைசியில் பசையும் வெட்டும். புடைப்பு இருந்தால் அதுவும் ஆனோடைசிங்குக்கு முன்பே. துளை மூடுவதற்கு முன்பு அச்சடித்தால் அதற்கேற்ற மை துளைக்குள்ளேயே இறங்கி, மேலே மூடிக்கொள்ளும். அப்படிச் செய்த எழுத்தை நகத்தால் சுரண்டினாலும் வராது. ஆண்டுக்கணக்கில் தேயும் இடத்துக்கு இதற்கு மேல் நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஃபாயில் லேபிளில் பெரும்பாலும் ஆனோடைசிங் கிடையாது, லாக்கர்தான். அங்கே வரிசை மாறும்: லாக்கர் அல்லது பிரைமர் (மை பிடிக்க அடியில் பூசுவது), அச்சு, அதன் மேல் பாதுகாப்பு லாக்கர், பிறகு புடைப்பு, பிறகு வெட்டு. லாக்கர் வளையக்கூடியது என்பதால் புடைப்பைக் கடைசியில் தாங்கும்.

லாக்கரைக் கொஞ்சமாகப் பூசுங்கள். தடித்த பளபளப்பு லாக்கர் பள்ளங்களை நிரப்பித் தட்டையாக்கிவிடும். ஈரமான கல்லைப் போலப் பரப்பு இருண்டு, நீங்கள் அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கோடு புதைந்துபோகும். அதற்காக லாக்கரே வேண்டாம் என்று விடவும் முடியாது. வெறும் பிரஷ்டு பரப்பில் விரல் ரேகை விழுந்தால் துடைத்தாலும் போகாது.

படி 6: மை

இரண்டு வகை மையையும் சேர்த்து யோசியுங்கள். ஊடுருவும் மையில் அடியிலுள்ள உலோகம் நிறத்தோடு சேர்ந்து ஒளிரும். மஞ்சள் மை தங்கமாகும், அதில் கொஞ்சம் சிவப்பு சேர்ந்தால் செம்பாகும். டெக்ஸ்சரும் அப்படியே தெரியும். ஊடுருவாத மை, அல்லது அடியில் வெள்ளை போட்ட மை, உலோகத்தை முழுக்க மறைத்துவிடும். ஒரே லேபிளில் சின்னம் உலோக நிறத்திலும் எழுத்து உறுதியான கருப்பிலும் வந்தால் கண் தானாக இரண்டையும் பிரித்துப் பார்க்கும்.

அச்சுக்கு முன்பு எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். உருளையில் வரும் அலுமினியத்தில் உருட்டல் எண்ணெய் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும். பரப்பில் தண்ணீர் தெளித்தால் சீராகப் பரவ வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் கழுவல் போதவில்லை.

படி 7: புடைப்பு அடித்தல்

டெக்ஸ்சருக்கு மேல் சின்னத்தையோ பெயரையோ எழுப்ப ஆண் டை (மேடாக வெட்டிய அச்சு), பெண் டை (பள்ளமாக வெட்டிய அச்சு) இரண்டும் தேவை. தகட்டின் தடிமனுக்குச் சமமான உயரம் வரை பயமில்லாமல் போகலாம். அதற்கு மேல் போனால் ஓரம் மெலிந்து கிழியும். செங்குத்தான சுவர் வேண்டாம், சரிவு கொடுங்கள். சரிவுதான் ஒளியை வாங்கும், அந்த வெளிச்ச ஓரம்தான் எழுத்தைத் தூக்கிக் காட்டும்.

இதில் ஒரு அழகான வழி இருக்கிறது. முழுத் தகட்டையும் மேட்டாக்கி, புடைத்த எழுத்தின் தலையை மட்டும் வைர முனைக் கருவியால் சீவிப் பளபளப்பாக்கலாம். மங்கலான தரையில் கண்ணாடி போன்ற எழுத்து நிற்கும். தகட்டின் விளிம்பைச் சுற்றியும் இப்படி ஒரு மெல்லிய கோடு இழுப்பார்கள். சீவிய இடத்துக்கு மறுபடி பாதுகாப்பு தேவை. அதனால் நிறம் ஏற்றி முடித்த பின் சீவினால் இரண்டாம் முறை ஆனோடைஸ் செய்கிறார்கள் அல்லது லாக்கர் பூசுகிறார்கள்.

பசை ஏற்றிய ஃபாயிலில் புடைப்பு அடிக்கும்போது பசையும் லைனரும் மெத்தை போல அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். கூர்மையான விவரம் வராது. அழுத்தத்தைக் கூட்டினால் லைனர் வெட்டுப்படும். அகலமான, வட்டமான வடிவங்களாக வரைந்துகொள்வதே வழி.

படி 8: எதன் மேல் ஒட்டப் போகிறீர்கள்?

கண்ணாடி, எஃகு, பாலியெஸ்டர் ஆகியவற்றில் சாதாரண அக்ரிலிக் பசை பிடித்துக்கொள்ளும். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் எண்ணெய் தடவியது போன்றவை, சாதாரணப் பசை நழுவும். அவற்றுக்கென்றே தனிப் பசைகள் உண்டு, பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஒட்டும் பரப்பு சமமாக இருந்தால் 50 மைக்ரான் பசை போதும். பவுடர் கோட்டிங் (தூளைப் பூசிச் சூடாக்கிய பெயின்ட்) போலச் சொரசொரப்பாக இருந்தால் 130 மைக்ரான் எடுத்தால்தான் பள்ளங்களுக்குள் இறங்கும்.

பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். அலுமினியம் ஏறக்குறைய பிஎச் 4 முதல் 9 வரை நிம்மதியாக இருக்கும். அதைத் தாண்டிய காரமோ அமிலமோ பட்டால் அதன் ஆக்சைடு கரையத் தொடங்கும். ஆனோடைஸ் செய்தாலும் இதே நிலைதான். சலவைத் திரவம், கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலம் போன்றவை பாட்டிலின் வாயிலிருந்து வழிந்து லேபிளைத் தொடும் என்றால் முழு லாக்கர் கட்டாயம், வெட்டிய ஓரமும் உட்பட. உப்பும் ஈரமும் இருக்கும் இடத்தில் செம்பு அல்லது எஃகு ஆணியால் நேம் பிளேட்டை அடிக்க வேண்டாம். அலுமினியம்தான் முதலில் கரையும்.

படி 9: சாம்பிளை ஒப்புக்கொள்வது

சாம்பிளை மேசை மேல் கிடத்திப் பார்க்காதீர்கள். உண்மையான பொருளில் ஒட்டி, அது நிற்கப்போகும் உயரத்தில் வைத்து, பகல் வெளிச்சத்திலும் மேலிருந்து விழும் விளக்கிலும் பாருங்கள். நடந்துகொண்டே பாருங்கள், வாங்குபவரும் நடந்துகொண்டேதான் பார்ப்பார். பிரஷ்டு பரப்பின் பளபளப்பைக் கருவியால் அளந்தால் கோட்டின் போக்கிலும் குறுக்கிலும் தனித்தனியாக அளக்க வேண்டும், இரண்டும் வேறு எண்ணாகவே வரும்.

அப்புறம் கொஞ்சம் கொடுமைப்படுத்துங்கள். கத்தியால் சின்னக் கட்டங்களாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்து மை வருகிறதா என்று பார்ப்பது ஐஎஸ்ஓ 2409 சோதனை. கடலோரத்தில் நிற்கும் பொருளுக்கு 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் புகையாகத் தெளிக்கும் ஐஎஸ்ஓ 9227 உண்டு. இவற்றோடு ஆல்கஹால் நனைத்த துணியால் தேய்த்துப் பார்ப்பதையும் நான் விடுவதில்லை, கடையில் தூசி துடைப்பவர் கையில் அதுதான் இருக்கும்.

ஒரே சாம்பிள் போதாது, மூன்று கேளுங்கள்: ஏற்கத்தக்க மிக மங்கலானது, மிகப் பளிச்சென்றது, நடுவில் நீங்கள் விரும்புவது. எமரி பெல்ட் புதிதாக இருக்கும்போது விழும் கோடும், தேய்ந்தபின் விழும் கோடும் ஒன்றாக இருக்காது. எல்லைகளை முன்பே காட்டிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது.

படி 10: வெட்டு, அடுக்கு, ஒட்டு

வெட்டும்போது பிசிறு பின்பக்கம் விழும்படி வெட்டச் சொல்லுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துவிடுங்கள். கூரான மூலை கையையும் கிழிக்கும், முதலில் எழுவதும் அதுதான். தகடுகளை ஒன்றன் மேல் ஒன்று வெறுமனே அடுக்கினால் வண்டியின் குலுக்கலில் ஒன்றையொன்று தேய்த்துக் கருப்புக் கறை உண்டாக்கும். இடையில் தாளோ பாதுகாப்புப் பிலிமோ வேண்டும். குளிர்ந்த இடத்திலிருந்து ஈரமான அறைக்குக் கொண்டுவந்ததும் கட்டைப் பிரிக்காதீர்கள். இடுக்கில் நீர் கோத்து வெள்ளைத் திட்டுகள் விழும், அவை போகவே போகாது.

ஒட்டும் பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, உலர விடுங்கள். பரப்பு 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் காத்திருங்கள். லைனரிலிருந்து லேபிளை உரிப்பதுதான் எல்லோர் கையும் செய்யும் தவறு. அலுமினியம் வளைத்த இடத்தில் வளைந்தபடியே நிற்கும், அந்த மடிப்பை யாராலும் நீவ முடியாது. லேபிளை முகம் கீழாகச் சுத்தமான துணியில் வைத்து, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு லைனரைப் பின்னோக்கி மடித்து உரியுங்கள். வளைவதெல்லாம் லைனராக இருக்கட்டும். பின்பு ஒரு ஓரத்தை முதலில் பொருத்தி, ரப்பர் உருளையால் அந்த ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போங்கள். புடைத்த எழுத்தின் மேல் உருளையை அழுத்தாமல் அதைச் சுற்றி அழுத்துங்கள்.

பசை உடனே முழுப் பலம் பெறாது. சாதாரண அறை வெப்பத்தில் 72 மணி நேரம் ஆகும். அதற்குள் யாராவது மூலையைச் சுரண்டிப் பார்த்து "ஒட்டவில்லை" என்று சொன்னால், மூன்று நாள் கழித்து அதே மூலையைச் சுரண்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் ஒப்புக்கொண்ட மூன்று சாம்பிள்களையும் தனித்தனி உறையில் போட்டு, பின்பக்கம் கலவை எண், எமரி எண், லாக்கர் வகை, கோட்டுத் திசையின் அம்புக்குறி எல்லாவற்றையும் எழுதி இருட்டான இடத்தில் வையுங்கள். அடுத்த ஆர்டர் வரும்போது முதலில் எடுக்க வேண்டியது அந்த உறைதான்.